பத்மாவதி அக்காவும் தள்ளிப்போன பரிசோதனையும்

புதன்கிழமை காலை, வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவரை அனுப்பிவிட்டு எடுத்தேன். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள் பத்மாவதி அக்காவின் மகள் யாமினி.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் லேபுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் பத்மாவதி அக்காவைத் தெரியும். பதினேழு வருடம் அவரும் நானும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். நரம்பு கிடைக்காத கை என்று நான் விட்டுவிட்டால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்பார். ரத்தம் கொடுக்க வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போய் வந்திருக்கும்.

சமணக் குடும்பம். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார். தம்பிக்கு நாற்பத்துமூன்று வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தபோது அதைச் சொல்லித்தான் அழுதார். "எங்க வீட்ல யாரும் கறி தொட்டதில்ல லதா. பொழுது சாஞ்சா சாப்பிட்டதில்ல. அப்பாவும் இப்படித்தான் போனாரு, பெரியப்பாவும் இப்படித்தான்."

இது பரம்பரையாக வருவது என்று சென்னை டாக்டர் மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அந்த மரபணுக் கோளாறு அக்காவுக்கும் இருந்தது. "செல்லு ரெண்டாவும்போது உள்ள இருக்கற டிஎன்ஏவ நகல் எடுக்குது. அதுல பிழை வந்தா திருத்த ஜீன் இருக்குது. எங்களுக்கு அதுல ஒண்ணு பொறக்கும்போதே பழுது. பிழை சேர்ந்துக்கினே போனா, குடல்ல வர்ற சின்ன சதை வளர்ச்சி, பாலிப்கூட சீக்கிரமே கேன்சரா மாறிடும். யாமினிக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார். வருடம் ஒருமுறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவையே இரண்டு பாலிப்பை எடுத்தார்கள். "கேன்சராவறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சுமா" என்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அவர்களும் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லப் போனார். பெரியப்பா மகன் வாசலிலேயே நிறுத்தினார். "பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குது. இந்தப் பேச்ச இங்கியே விட்டுடு." அந்த வருடம் யாமினிக்கும் சம்பந்தம் வந்தது. தன் வருடாந்தர கேமரா பரிசோதனைக்குப் போகும்போது மாப்பிள்ளை வீட்டார் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அக்கா என்னைக் கேட்டார். "கல்யாணம் முடியட்டும்கா, ஒரு வருஷந்தானே" என்றேன். நான்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. கல்யாணம் தள்ளிப்போனது. பரிசோதனையும் தள்ளிப்போனது. இரண்டரை வருடம்.

கல்யாணம் முடிந்த மாதம், லேப் படிக்கட்டில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நானே ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் ஏழு; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். "இன்னொரு தடவ போடு" என்றார். ஏழுதான். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. ஸ்கேனில் பார்த்தபோது புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அசடு, நீ சொன்னதாலயா நின்னேன்? எனக்கே பயம். யாமினிய மட்டும் விட்டுடாத" என்றார். மாப்பிள்ளையை அழைத்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். மாப்பிள்ளை, "யாமினிக்கு டெஸ்ட் எங்க எடுக்கணும் அத்தை?" என்றார். இந்த மனிதருக்குத்தான் நாங்கள் அவ்வளவு பயந்திருந்தோம்.

யாமினிக்கும் அந்தப் பழுது இருக்கிறது. முடிவு வந்த அன்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மாலை வரை திரும்பவில்லை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. வரும் திங்கட்கிழமை யாமினிக்கு முதல் கேமரா பரிசோதனை. அவளோடு போக நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடமும் கொடுப்பேன், அதற்கடுத்த வருடமும். அக்கா எனக்கென்று விட்டுப்போனது வருடத்தில் அந்த ஒரு நாள்.