அம்மாவின் ஜோக்கைத் தேடி

அத்தை தன் கொண்டை ஊசியை உருவி, வார இதழின் நடுவில் இருக்கும் பின்னை நெம்பி எடுப்பது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. அப்பாவின் அக்கா அவர். கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். சுவாமிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்திரிகை வாங்கும் வீடுகளில் எல்லாம் அப்போது இந்தப் பழக்கம் உண்டு. எல்லாரும் படித்தானதும் தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரித்து மெத்தைக்கு அடியில் சேர்ப்பார்கள். கதை முடிந்ததும் கும்பகோணத்துக்குக் கொடுத்தனுப்பி பைண்டு செய்வார்கள். மிச்சப் பத்திரிகை அலமாரித் தட்டில் விரிப்பாகிவிடும். பைண்டு செய்த புத்தகம் இரவல் போகும். போனது திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அம்மாவின் ஜோக் காணாமல் போனது அப்படித்தான். என்னைப் பெற்றெடுக்கப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் எழுதி அனுப்பிய ஒரு ஜோக் வார இதழில் வந்தது. அங்கே பக்கத்து வீட்டுப் பிரதியில் தன் பெயரைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பி எங்கள் வீட்டு இதழைத் தேடினால், அத்தை அதை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்தார்; கதைத் தாள்களும் பைண்டாகி இரவல் போயிருந்தன. கதையைத் தவிர வேறு எதையும் படிக்காதவர் அவர். "நான் ஒண்ணும் பாக்கலையேம்மா, கனவு கினவு கண்டியா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் எது கண்ணில் படாவிட்டாலும், அது வராத பஸ்ஸோ தொலைந்த சாவியோ, "அம்மா ஜோக்கு மாதிரிதான்" என்று சொல்லிச் சிரிப்போம். சரி, என்ன ஜோக் என்று கேட்டால் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். "அச்சுல வந்திருக்கு. வேணும்னா தேடிப் படிச்சுக்குங்க" என்று ரோஷத்தோடு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நானும் தேடினேன். பழைய இதழ்கள் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது இப்படித்தான். தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று பழைய பேப்பர் கடை ஒன்று விடவில்லை. அட்டை கிழியாத முழு இதழ்தான் வேண்டும் எனக்கு. சோப்பு விளம்பரம், ரேடியோ விளம்பரம், கேள்வி பதில், சமையல் குறிப்பு எல்லாம் வீடு வந்து சேர்ந்தன. நான் பிறந்த வருடத்து இதழ்கள்கூட அநேகமாகக் கிடைத்துவிட்டன. வேண்டிய ஒன்று மட்டும் ஆட்டம் காட்டியது. யாராவது பைண்டு செய்த தொடர்கதையை நீட்டினால் எனக்கு எரிச்சலாக வரும். இதழைக் கொன்றவர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

அத்தை போன பிறகு கேலியும் நின்றுபோனது. போன வருடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்த ஜோக்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "என்ன எழுதினேன்னு ஞாபகமில்லடா. எழுதினேனாங்கறதே இப்பச் சந்தேகமா இருக்கு. உங்க அத்தை சொன்ன மாதிரி கனவுதானோ என்னமோ" என்றாள். ஏற்கெனவே அடுப்பில் வைத்த பாலை மறந்துகொண்டிருந்தாள். என் மகளை என் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஜோக் போனால் போகட்டும், அம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாளோ என்று பயந்தேன்.

இந்த ஆடியில், நான் பழைய இதழ் சேர்ப்பதைக் கேள்விப்பட்டு ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். பழைய வீட்டை இடித்துக் கட்ட வந்திருந்தார். "எங்கம்மா சேத்து வச்ச புஸ்தகமெல்லாம் பரண்ல கெடக்கு சார், வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் அத்தனையும் பைண்டு. அவர் காபி கொண்டுவரப் போன நேரத்தில் மரியாதைக்காக ஒன்றைப் புரட்டினேன். நான் பிறந்த வருடத்துத் தொடர்கதை அது. ஓர் அத்தியாயம் பாதிப் பக்கத்திலேயே முடிந்திருந்தது. மிச்ச இடத்தை நிரப்ப ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரு ஜோக். கீழே அம்மாவின் பெயர், எங்கள் ஊரின் பெயரோடு. அத்தை அதைத் தூக்கிப் போடவே இல்லை. எங்கள் வீட்டுப் பிரதியிலும் இதைக் கதையோடு சேர்த்துத் தைத்து யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறார். நான்தான் பைண்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அம்மாவின் மடியில் புத்தகத்தை விரித்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். நான் சத்தமாகப் படித்தேன்.

"கணவன்: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்! மனைவி: குடத்தில் எப்போது வரும்?"

அம்மா சிரிக்கவில்லை. முகம் சுருங்கியது. இதுவும் ஞாபகமில்லையோ என்று எனக்குத் திக்கென்றது.

"கெடுத்து வச்சிருக்காங்க" என்றாள். "நான் புருஷன் பொண்டாட்டின்னா எழுதினேன்? மருமக ஓடியாந்து, ஆத்துல தண்ணி வந்துடுச்சாம்னு சொல்லுவா. அதுக்கு மாமியார், கொடத்துல எப்ப வரும்னு கேப்பா. மாமியார் கேட்டாத்தான்டா அது ஜோக்கு!"

ஒரு வார்த்தை பிசகவில்லை. எந்தக் காலத்திலோ திருத்திய ஆசிரியரோடு இன்றைக்குச் சண்டைக்கு நிற்கிறாள். அப்பாடா என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இத இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க அத்தைய வச்சுக்கிட்டு எப்படிடா சொல்றது? அவங்க அம்மா என்னைக் கேட்டதுதானே அது!"