அசையாமல் பிடிக்கும் வேலை

எக்ஸ்ரே அறை வேலையில் சுடாது, வலிக்காது, நாற்றமும் அடிக்காது. கதிர் பட்டதே தெரியாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குப் பயம். நான் ஏழாவதோடு நின்றவள். நீங்கள் எக்ஸ்ரே படிக்கிற பிள்ளைகள். எதையாவது தப்பாகச் சொல்லி நீங்கள் அதை நம்பிவிட்டால்? சந்தேகம் வந்தால் உங்கள் வாத்தியாரையே நம்புங்கள்.

எழுபத்தெட்டில் ராசிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் குமாரபாளையத்துக்குத் தறி ஓட்டப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். பிள்ளை இல்லை. படம் எடுக்கும்போது குழந்தைகளையும் நிற்க முடியாதவர்களையும் அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பல வருஷம் அப்படிப் பிடித்ததில் என் மேல் எவ்வளவு கதிர் பட்டது? இன்று வரை அதுதான் என் கவலை.

ஊக்கு

உங்களுக்கும் இந்தத் தொல்லை வரும். தறிக்காரப் பெண் ஒருத்தி இருமிக்கொண்டே வந்தாள். தாலிக் கயிற்றில் ஏழெட்டு ஊக்கு. கழற்ற மாட்டேன் என்றாள். சரி என்று கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நின்றாள். நான் தோளைத் தாங்கிக்கொண்டேன். படம் கழுவி வந்தால் நுரையீரலுக்கு நடுவே அத்தனை ஊக்கும் வரிசையாக இருக்கின்றன. கதிர் உடம்பைத் துளைத்துப் போகும், இரும்பு எந்தப் பக்கம் இருந்தாலும் மறைக்கும். ஊக்கை எடுக்க வைத்து மறுபடி எடுத்தோம். அவளுக்கு ரெண்டாம் தடவை. தாங்கி நின்ற எனக்கும்தான்.

அவளோ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அசந்து போனாள். "முதுகுக்குப் பொறத்தால ஒளிச்சு வெச்சதையும் பாத்துப்போடுச்சே! எங்கூட்டு மாமியாளாட்டவே இருக்குதுங்க இந்த மிசினு."

சாப்பாட்டு வேளை

வார்டு ஆயா பாப்பாத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். நான் தூக்குப்போசியைத் திறந்தால் அவளுடையதை எடுத்துக்கொண்டு நகர்வாள். என் சேலையில் கதிர் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். வீட்டிலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், இங்கேயுமா என்று இருந்தது.

எக்ஸ்ரே எடுக்கும் செல்வராசு தம்பியைக் கூட்டிவந்து அவளிடம் சொல்லச் சொன்னேன். பட்டனை அழுத்தும் நேரம் மட்டும்தான் கதிர். விட்டதும் விளக்கு அணைந்த மாதிரி, அறையிலும் தங்காது, சேலையிலும் தங்காது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பாப்பாத்தி கேட்டுக்கொண்டாள். என் பக்கம் நகர்ந்தும் வந்தாள். பிறகு ஒரு வாய் சோற்றை முழுங்கிவிட்டு, "வெளக்கு அணைஞ்சாச் சரிங்க. எரியறப்ப உள்ளார நிக்கறது இந்தக்கா தானுங்களே?" என்றாள்.

அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அட்டை

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சின்ன பிலிம் வைத்த அட்டை ஒன்றைச் செல்வராசு தம்பி கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்க அக்கா" என்றிருந்தார். அது நம்மைக் காக்கும் என்றே நினைத்தேன். தொலைந்துவிடக் கூடாதே என்று தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன். சோதனைக்குத் திருப்பி அனுப்பும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்துப் புது அட்டை வாங்கி வருவேன். ஒவ்வொரு தடவையும், கதிர் ஒன்றும் பதிவாகவில்லை என்றே பதில் வரும். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பாப்பாத்தி அப்படிக் கேட்ட பிறகு அந்தப் பதிலைத்தான் தம்பியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் என் மார்பைப் பார்த்தார். அட்டை எங்கே என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தானைக்கு அடியில் குத்தியிருப்பேன் என்றே நினைத்திருந்தாராம். அட்டை காக்காது, அளக்கத்தான் செய்யும். மேலே குத்தியிருந்தால்தான் அளக்கும். "அத்தன வருசமும் உங்க பொட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க அக்கா. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது."

விட்ட கை

டாக்டர் ரத்தம் பார்த்தார். இப்போதைக்குக் குறை இல்லை, பழைய கணக்கைச் சொல்ல முடியாது என்றார். இனிமேல் நான் பிடிக்கக் கூடாது. கூட வந்தவர் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். கதிர் நோயாளியின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது, தூரம் ரெண்டு பங்கானால் அது கால் பங்காகக் குறைந்துவிடும் என்று தம்பி விளக்கினார். தள்ளி நிற்பதுதான் காப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் எல்லாரும் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்! என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டவை அந்தக் குழந்தைகள் மட்டும்தான்.

மறுநாள் வாழப்பாடியிலிருந்து கை ஒடிந்த ஒரு பெண் குழந்தை, நாலு வயதிருக்கும். வந்ததிலிருந்து நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்பனுக்கு அங்கியை மாட்டினேன். "மூட்டையாட்டக் கனக்குதுங்களே" என்றார். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். குழந்தை வீறிட்டது. அவர் கூப்பிட்டார்: "ஏனுங்க, புள்ள உங்களத்தானுங்க தேடுது, நீங்க எங்கீங்க போறீங்க?"

ஈயத் தகடு அடித்த தடுப்புக்குப் பின்னால் போய், அட்டையை மார்பில் குத்திக்கொண்டு நின்றேன்; அன்றிலிருந்து யார் கையும் படாமல் மிகவும் பத்திரமாக இருக்கிறேன்.