ஒன்பதிலிருந்து ராஜா வரை

காலைச் சாப்பாட்டுக்கு முட்டை வரும்வரை ஆர்வில் டன்ஸ்டட்டின் விரல்கள் சும்மா இருப்பதில்லை. இடக்கையின் ஐந்து விரல்களும் மேசையை மாறி மாறித் தட்டும். இடையிடையே வலக்கைக் கட்டைவிரல் ஒரு குத்து குத்தும். பக்கத்தில் இருப்பவரின் காபி தளும்பும். "பியானோ வாசிக்கிறதுன்னா சர்ச்சுக்குப் போங்க" என்று பரிமாறுகிற வில்டா அதட்டுவாள். அது பியானோ இல்லை. சீட்டாட்ட இயந்திரம் காட்டும் ஐந்து சீட்டில் எதை வைத்துக்கொள்வது என்பதற்கு ஐந்து விரல். மிச்சத்தை வீசிவிட்டுப் புதுச் சீட்டு கேட்பதற்குக் கட்டைவிரல். எங்கள் சூதாட்ட விடுதியில் வருஷத்துக்கு ஒருமுறை வீடியோ போக்கர் ஜோடிப் போட்டி நடக்கிறது. ஆர்வில் அதற்கு வருஷம் முழுக்கப் பழகுகிறார்.

பிழைப்பு, நீச்சல் குளம் கழுவுவது. எழுபதைத் தாண்டியும் நீளக் கழி வலையைப் பழைய வண்டியில் கட்டிக்கொண்டு போல்டர் நெடுஞ்சாலைப் பக்கம் வீடு வீடாகப் போகிறார். குளோரின் அரித்து விரல் நுனிகள் வெளுத்து வழவழத்துவிட்டன. அவருடைய கைப்பேசியே அந்த விரல்களை யாரோ என்று நினைத்துத் திறக்க மறுக்கிறது.

போட்டிக்குப் பெயர் பதிவதும் மணி அடிப்பதும் என் வேலை என்பதால் அவருடைய இரண்டு முகமும் எனக்குத் தெரியும். சொந்தக் காசில் ஆடும்போது மகா கஞ்சன். ஒரு ஜோடிச் சீட்டு கிடைத்தாலே பத்திரமாகப் பிடித்துக்கொள்வார். போட்டி நாளில் ஆள் வேறு. அன்றைக்கு இயந்திரம் காசு கேட்காமலே ஆடப் பாயின்ட் கொடுக்கும், கடிகாரம் மட்டும் ஓடும். "ஓசிப் பாயின்ட்டும்மா இது. மிச்சம் பிடிச்சு வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போறே? கையில வந்ததை உடைச்சுப் போடு, பெரிய கையைத் தேடு, யோசிக்காதே" என்பார். பாதுகாப்பாக ஆடினால் மரியாதையான இடமாவது கிடைக்குமே என்று ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் பர்னெல் ஒருமுறை கேட்டுவிட்டார். "முதல் பரிசு ஒண்ணுதான்யா பரிசு. மத்ததெல்லாம் டீ-ஷர்ட்டு."

அவருடைய ஜோடி லவோன். முன்னாள் மனைவி. நிலையான வேலையை மூன்று முறை உதறிவிட்டுப் பெரிய வியாபாரம் என்று கிளம்பிய புருஷனை, நான்காம் முறைக்குக் காத்திராமல் விட்டுவிட்டு எல்கோவில் தங்கை பெர்னீஸ் வீட்டுக்குப் போனவள். ஆனாலும் போட்டிக்கு மட்டும் வருஷம் தவறாமல் பாலைவனம் முழுக்கக் காரோட்டி வந்துவிடுவாள். ஜோடியின் பாயின்ட்டுகள் ஒன்றாகக் கூட்டப்படும். "மளிகை அவ பொறுப்பு, லாட்டரி என் பொறுப்பு" என்று ஆர்வில் பெருமையடிப்பார்.

முதல் நாள் ஆட்டம் மதியத்தோடு முடியும், பன்னிரண்டு ஜோடிகள்தான் மறுநாளைக்குத் தங்கும். முதல் நாள் பாயின்ட்டும் கூடவே வரும் என்பதால் கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டு தங்குகிறவர்களுக்குப் பரிசு பகல்கனவு. தோற்ற ஜோடி மதியமே கிளம்பிவிடலாம். இருட்டில் ஓட்டப் பயப்படுகிற லவோன் தோற்றதும் கிளம்பிவிடுவாள். தங்கிய வருஷங்களில் இருவரும் சாயங்காலம் ஒரே தட்டில் மாட்டிறைச்சி வறுவல் சாப்பிடுவார்கள். கொழுப்பை அவள் ஓரமாக ஒதுக்க, இவர் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு சாப்பாட்டைப் பற்றி எத்தனையோ மாதம் பேசுவார். பாவி மனிதர், அந்தச் சாயங்காலத்துக்குத்தான் வருஷம் முழுக்க மேசையைத் தட்டுகிறார். ஆனாலும் சீட்டை உடைத்து உடைத்துப் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைத் தொலைத்துவிடுவார். கேட்டால், "அடுத்த வருஷம் வருவா இல்ல" என்பார்.

இந்த வருஷம் காலைச் சாப்பாட்டின்போதே லவோன் சொல்லிவிட்டாள்.

"ஆர்வில், இதுதான் கடைசி. கண்ணு மங்கிப் போச்சு. அடுத்த மாசம் லைசென்ஸ் முடியுது, புதுசு தர மாட்டாங்க."

அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. "நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"உன் வண்டி பாதி வழியில இருக்கிற ஈலி ஊரையே தாண்டாது."

"சரி, எப்படியாவது எல்கோவுக்கே வந்து உன்னைப் பாக்குறேன்."

"வா. பெர்னீஸ் நாயை அவுத்து விடுவா."

இருவரும் சிரித்தார்கள். அவர் முட்டையைத் தொடவில்லை.

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது நான் அவர் முதுகுப்பக்கம் நின்றேன். லவோன் பக்கத்து இயந்திரத்தில் அடக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். இவர் வழக்கம்போல உடைத்துத் தள்ளிப் பின்தங்கியிருந்தார். அப்போது திரையில் ஐந்தும் ஒரே இனம், ஆர்ட்டின்: ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா. அப்படியே வைத்துக்கொண்டால் நல்ல பாயின்ட், பன்னிரண்டுக்குள் நுழையப் போதும். ஒன்பதை வீசி அந்த இடத்தில் ஆர்ட்டின் ஏஸ் வந்தால் எல்லாவற்றிலும் பெரிய கை, முதல் இடமே கிடைக்கலாம். வருவது அபூர்வம். ஆனால் எங்கள் ஆர்வில் இதற்குமுன் கண் சிமிட்டும் நேரத்தில் வீசியிருப்பார்.

"உடைங்க, உடைங்க" என்று பர்னெல் என் காதோரம் முனகினார்.

வெளுத்த விரல்கள் பொத்தான்களுக்கு மேலே நின்றன. விநாடிகள் வீணாகிக்கொண்டிருந்தன. பிறகு ஐந்து விரல்களும் ஒன்றாக இறங்கி ஐந்து சீட்டையும் பிடித்துக்கொண்டன. வலக்கைக் கட்டைவிரல் மெதுவாக அழுத்தியது. நான் மணி அடித்தேன்.

பாயின்ட் பலகையில் அவர்கள் பெயர் பன்னிரண்டாவதாக வந்தபோது லவோன் காபியோடு உட்கார்ந்திருந்தாள். பலகை அவள் கண்ணுக்கு எட்டாத தூரம். கிளம்பத் தயாராகக் கறுப்புக் கண்ணாடியையும் கார்ச் சாவியையும் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பர்னெல் அதற்குள் அவளிடம் போய்ப் புலம்பியிருந்தார்.

"ஒன்பதை வச்சுக்கிட்டியாமே?"

"ஆமா."

"நீயா?"

"ஆமா, நான்தான்."

"இந்தப் பாயின்ட்டை வச்சு நாளைக்கு ஜெயிக்க முடியாது, ஆர்வில்."

"தெரியும் லவோன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். நான் வேறு பக்கம் பார்ப்பதுதான் மரியாதை, ஆனால் பார்க்கவில்லை. ஆர்வில் கோப்பைக்குப் பக்கத்திலிருந்த கார்ச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.