தடி, இளிபேட

தொண்ணூறுகளின் நடுவில் ஆராய்ச்சி மாணவியாக பெங்களூருக்கு வந்த முதல் வாரம். அல்சூரில் பேருந்து நிற்பதற்குள் படிக்கட்டில் கால் வைத்துவிட்டேன். “தடி, இளிபேட!” என்று கத்தினார் நடத்துநர். ஆரணிக்காரியின் காதில் அது எப்படி விழும்? நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன்தான். அதற்காக இத்தனை பேர் எதிரில் தடி என்பதா? நான் எப்போது இளித்தேன்? “யாரைப் பார்த்துத் தடின்ற?” என்று சண்டைக்குப் போனேன். மனுஷன் திருதிருவென்று விழித்தார். பொறு, இறங்காதே என்றுதான் கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்றவர் தமிழில் விளக்கியதும் என் மானமே போயிற்று. இங்கே புதிதாக வருகிற நம்மவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலையும் ஒருவகையில் இந்தப் ‘பொறு’ பற்றியதுதான். நரம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகளில் ரசாயனம் நிரம்பியிருக்கும். பையில் ஒரு புரதம், நுனிச் சவ்வில் இரண்டு. மூன்றும் சடை பின்னுவதுபோல முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு இழுத்து ஒட்டினால், ரசாயனம் வெளியே கொட்டும். அதுதான் அடுத்த நரம்புக்குப் போகிற செய்தி. கண்டபடி கொட்டிவிடாமல், கால்சியம் வரும்வரை பிடித்து நிறுத்தவும் புரதங்கள் உண்டு. இதையெல்லாம் கரும்பலகையில் அழகாக வரைவேன்.

ஜோகுபாளையத்தில் என் பக்கத்து அறையில் செல்வி அக்காவும் அவர் கணவர் முருகேசன் அண்ணனும் இருந்தார்கள். போளூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். நம்ம பக்கத்துப் பெண் என்பதற்காகவே எனக்கு அங்கே சோறு உண்டு. ஒருநாள் சாரப் பலகையிலிருந்த ஆணி அண்ணன் காலில் ஏறிவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சில நாளில் வாயைத் திறக்க முடியவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. ரணஜன்னி, டெட்டனஸ் என்பார்களே, அது. மருத்துவமனையில் இருட்டறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம், சத்தம், தொடுதல், எது பட்டாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அக்கா கையைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் கன்னட நர்ஸ் மெல்லத் தடுப்பார். “தடிம்மா, தடி.”

“நீ நரம்புப் படிப்புதான படிக்கிற? இன்னாமா ஆச்சு இவருக்கு?” என்று வராந்தாவில் அக்கா கேட்டார்.

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. ‘நிறுத்து’ என்று செய்தி அனுப்புகிற நரம்புகளுக்குள் ரணஜன்னிக் கிருமியின் விஷம் புகுந்து, பையிலிருக்கும் புரதத்தை வெட்டிவிடுகிறது. அப்புறம் பின்னல் ஏது? செய்தி உள்ளேயே கிடக்க, தசைக்கு ஓய்வே இல்லை. உள்ளே போன விஷத்தை எந்த மருந்தும் வெளியே எடுக்காது.

“உள்ள ஒரு சடை இருக்குதுன்னு வெச்சுக்கக்கா. அதை வெட்டிடுச்சு.”

அக்கா என் முகத்தையே பார்த்தார். “வெட்டுனா வளரும்ல?”

வளரும். நரம்பு புதுப் புரதத்தைச் செய்துகொள்ளும், வாரக்கணக்கில். அதுவரை அண்ணனின் மூச்சு தாங்குமா என்று நான் படித்த எதிலும் இல்லை. “வளரும்க்கா. பொறுத்துக்கணும்” என்றேன்.

அக்கா பொறுத்தார். கட்டிலோரம் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெல்ல மெல்ல முறுக்கு குறைந்தது. ஒரு காலையில் திரையைக் கொஞ்சம் விலக்கினார்கள். அக்கா தாங்கமாட்டாமல் கையை நீட்டினார். பூட்டிக் கிடந்த வாய் லேசாகத் திறந்தது.

“தடி...”

“இன்னாய்யா! வாயத் தொறந்ததும் என்னைத் தடின்றியா?” அக்கா சிரித்தபடியே அழுதார். இத்தனை நாள் இருட்டில் அந்த மனிதர் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். “ஹிட்கோம்மா” என்றார் நர்ஸ். பிடித்துக்கொள் என்று அர்த்தம். அக்கா பிடித்துக்கொண்டார். உடம்பு முறுக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஆரணிக்குப் போனால், போதும் என்பதற்குள் அம்மா இன்னும் சோறு போட வருவாள். “தடிம்மா” என்றுதான் என் வாயில் முதலில் வருகிறது. “யாரைடி தடின்ற?” என்கிறாள். பெங்களூரில் அதற்கு அர்த்தம் வேறு என்று சொல்ல வாயெடுத்தால், அந்த இருட்டறை கண்முன் வந்துவிடுகிறது. கரண்டியில் சோற்றோடு அம்மா அப்படியே நிற்கிறாள்.