பைரவன் விழுங்கிய கண்மலர்

இன்று காலை பூஜை அறையில் இருந்தவர்கள்: நான், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த என் மாமியார், என் வீட்டுக்காரர், கூப்பிடாமலே வந்த எங்கள் நாய் பைரவன்.

மாமியாரின் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு வாங்கிய வெள்ளிக் கண்மலர் இரண்டையும் சர்க்கரைப் பொங்கல் மேல் வைத்துப் படைத்தேன். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் பாதிப் பொங்கலைக் காணோம். ஒரு கண்மலரையும் காணோம்.

வாந்தி எடுக்க வைக்கலாம் என்று உப்புத் தண்ணீர் கரைத்தேன். போனில் கால்நடை டாக்டர் அதட்டினார். "அதெல்லாம் ஊத்தாதீங்கம்மா! உடனே தூக்கினு வாங்க."

எக்ஸ்ரேயில், பைரவன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விளிம்பு மழுங்கலா இருக்குது, தானா வந்துடும். வெளிய போறப்பல்லாம் கிளறிப் பாருங்க. சாப்பிடாம சுருண்டுக்கினா உடனே வாங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் இப்போது குச்சியோடு பைரவன் பின்னாலேயே நடக்கிறார்.

மாமியாருக்கு வேறு கவலை. "ஒத்தக் கண்ணக் குடுத்தா, இன்னொண்ணு இவளுக்கு வேணாம்போலன்னு அம்மன் நெனச்சிக்க மாட்டாளாம்மா?"

வெளியே வருவதை மஞ்சள் நீரில் கழுவிக் காமாட்சிக்குச் செலுத்தலாமா? வெள்ளி விற்கிற விலையில் புதிதாகத்தான் வாங்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம். தெரிந்தவர்கள் அதற்குள் பதில் சொல்லுங்கள்.