போர்டில் இருந்தேன், கப்பலில் இல்லை

போன மாதம் ஒரு கப்பலின் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'மிஸஸ் வசந்தா நடராஜன், உடனே ரிசப்ஷனுக்கு வரவும்.' விடாமல் கூப்பிட்டார்களாம். நான் எப்படிப் போவேன்? நான்தான் கப்பலிலேயே இல்லையே.

கப்பல் நின்ற இடம், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகள். நான் நின்ற இடம், அதில் ஒரு தீவின் கரை. மரம் கிடையாது, வீடு கிடையாது... பனிமூட்டம் மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு கைடுகள். துப்பாக்கி எதற்கு? துருவக்கரடி வந்தால் விரட்டுவதற்கு.

ஆனால், கப்பலில் மாட்டியிருக்கும் போர்டின்படி நான் பத்திரமாக உள்ளே இருந்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் - ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. ஜன்னல் இல்லாத அறை. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். அதில் வெள்ளைப் பனி, நீலக் கடல், கரையில் நீளமான தந்தங்களோடு படுத்திருக்கும் வால்ரஸ் கூட்டம். வருஷம் முடிந்ததும் தேதியைக் கிழித்தேன், படத்தை விட்டுவைத்தேன். வேலை பார்த்த காலம் முழுக்க அதுதான் எனக்கு ஜன்னல்.

ரிட்டயர் ஆன கையோடு வீட்டில் சொல்லிவிட்டேன். 'நான் அங்க போவணும்.'

என் கணவர் நடராஜன், மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். தங்கமான மனுஷன். 'காசிக்குப் போவலாம். இல்லன்னா மணாலி போவலாம், அங்கயும் பனிதான்' என்றார்.

'மணாலியில வால்ரஸ் இருக்குதா?' என்று கேட்டேன். பேச்சு முடிந்தது.

நாங்கள் பதிவு செய்தது சின்னக் கப்பல். பெரிய கப்பல் நுழைய முடியாத இடுக்கில் எல்லாம் நுழையும். ஆனால் ஒரு சங்கடம். தீவில் இறங்க மேடையோ படிக்கட்டோ கிடையாது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணிப்படியில் இறங்கி, அலையில் ஏறி இறங்கும் ரப்பர் படகில் கால் வைக்க வேண்டும். முடியாதவர்கள் மேலே நின்று வேடிக்கை பார்க்கலாம். எனக்கோ வலது முழங்காலில் தேய்மானம். அவ்வளவு தூரம் போய் மேலே நின்று பார்ப்பதற்குக் காலண்டரே போதுமே?

அதனால் ஆரம்பித்தேன் பயிற்சி. தினமும் காலையில் ஓசூர் மலைக்கோயில் படி. முதல் வாரம் பாதியில் உட்கார்ந்து அழுதேன் - வலி தாங்காமல்தான். அப்புறம் அழுதபடியே ஏறினேன். அப்புறம் அழாமல் ஏறினேன். அவர் கூடவே வருவார், என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி. விடுங்க என்றாலும் விட மாட்டார்.

குளிருக்கும் பழக வேண்டாமா? பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் தோழி மஞ்சுளாவிடம் போனேன். ஏற்றுமதிக்கு வெட்டிய பூவை வைக்கும் குளிர் அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். மஞ்சுளா கன்னடத்தில் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு தமிழுக்கு வருவாள். 'ஐஸ் பாக்கத்தான அக்கா இவ்ளோ பாடு? என் ஃப்ரிட்ஜைத் தொறந்து காட்டறேன், பாத்துட்டு வூட்டுக்குப் போ.'

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் இறங்கியே தீருவது என்று இருந்தேன்.

இப்போது அந்த போர்டு. கப்பலில் ஏறியதும் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். ஏணிப்படி பக்கத்தில் பெரிய பலகை. அதில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு டேக். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. கரைக்குப் போகும்போது சிவப்பாகத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் பச்சையாகத் திருப்ப வேண்டும். எல்லா டேக்கும் பச்சையானால்தான் நங்கூரம் எடுப்பார்கள். அவரவர் டேக்கை அவரவர்தான் தொடணும் என்று, பயணத் தலைவி இங்க்ரித் முதல் நாளே சொன்னாள். நார்வேக்காரி, என்னைவிட இளையவள், ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்லும் பழக்கம் இல்லாதவள்.

எனக்கா இது புதுசு? நம்ம டைம் ஆபீஸ்தானே, கடலுக்கு வந்திருக்கிறது!

முதல் இறக்கம், பறவை மலை. செங்குத்துப் பாறை முழுக்கக் கடற்பறவைகள். அவை போடும் கூச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அவர் என் முழங்கையைப் பிடித்தே ஏணிப்படியில் இறக்கினார், படகில் உட்கார வைத்தார். கரையில் கொஞ்ச நேரம் ஆனதும் அவர் முகம் மாறியது. தீவில் டாய்லெட் கிடையாது, ஒதுங்கவும் கூடாது - ரூல். 'நான் முன்னாடி போட்டுல போறேன். நீ நிதானமா வா' என்று கிளம்பினார்.

நான் கடைசிப் படகு வரை நின்றேன். கைடு வாக்கிடாக்கியில் சொன்னார், 'கடைசிப் படகு, ஒரு பயணி வருகிறார்.' கப்பலிலிருந்து பதில் வந்தது. 'பயணிகள் யாரும் பாக்கியில்லை. எல்லா டேக்கும் பச்சை.'

கைடு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பனிமூட்டத்தில் கப்பல் பாதி மறைந்துவிட்டிருந்தது. அப்போதுதான் அங்கே மைக்கில் என் பெயர் ஒலித்திருக்கிறது.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கப்பலில் ஏறிய மனுஷன் தன் டேக்கைத் திருப்பியிருக்கிறார். பக்கத்திலேயே என் டேக். முழங்கால் வலியோடு வருவாளே, கூட்டத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்று அதையும் திருப்பிவிட்டு, கேபினுக்குப் போய்விட்டார்.

'உதவிதான பண்ணேன்' என்றார், நான் கப்பலுக்குத் திரும்பியதும், பாவமாக.

எனக்குச் சுரீர் என்றது. டைம் ஆபீஸில் நான் கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தை அது. லேட்டாக வரும் நண்பனுக்காக அவன் கார்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு மாட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். 'ஹெல்ப்புதான மேடம்.' நான் கேட்பேன் - உள்ளே தீப்பிடித்தால் கார்டைப் பார்த்துத்தானே ஆள் எண்ணுவோம்? இல்லாதவனைத் தேடி யாராவது உள்ளே ஓட வேண்டுமா? அதைச் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவள் நான். என் கார்டை என் வீட்டுக்காரரே தேய்த்துவிட்டார்.

இங்க்ரித் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. 'கைடுகள் உங்களைக் கவனிக்காமல் படகேறி வந்து, நாங்களும் போர்டை நம்பியிருந்தால், பனிமூட்டத்தில் நங்கூரம் எடுத்திருப்போம். நாளைக்குக் கடைசி இறக்கம். மிஸ்டர் நடராஜன் இறங்கக்கூடாது.'

கடைசி இறக்கம் எங்கே தெரியுமா? வால்ரஸ் கரை.

'அவளுக்கு எதுவும் தெரியாது, தப்பு என்னுது' என்றார் இவர். இங்க்ரித் என் பக்கம் திரும்பினாள். 'நீங்கள் அவரைத் திருப்பச் சொன்னீர்களா?'

'இல்லை' என்றேன்.

'அப்படியானால் நீங்கள் வரலாம். படகில் இறக்க எங்கள் ஆள் கை கொடுப்பார். வேறு யார் கையும் கிடையாது. அலை கொஞ்சம் அதிகமாக இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.'

கேபினுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார். 'நீ தனியா இறங்க வேணாம்மா. வழுக்குனா என்னாவறது? நாம ரெண்டு பேரும் மேலயே நின்னு பைனாகுலர்ல பாக்கலாம். நல்லாத் தெரியும்.'

ஒரு நிமிஷம் எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் போய் வேடிக்கை பார்ப்பதா? நம் ஊரில் எந்தப் பெண் போவாள்? போனால்தான் என்ன சொல்வார்கள்? அப்புறம் அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. மலைக்கோயில் படியில் அழுதது ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது - அவர் மேல் அல்ல, பயப்படும் என் காலின் மேல்.

'நீங்க பைனாகுலர்ல பாருங்க. நான் கிட்ட போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்' என்றேன்.

மறுநாள் காலையில் என் பூட்ஸை அவரே தேய்த்துக் கழுவினார். ஒரு விதைகூடத் தீவுக்குப் போய்விடக்கூடாது என்பதால், பூட்ஸ், சட்டைப்பை எல்லாவற்றையும் சுத்தம் செய்வது கப்பலின் சட்டம். அவருடைய கோட்டுப் பையிலிருந்து மட்டும் வந்த நாள் முதல் நிலக்கடலைத் தோல் வந்துகொண்டே இருந்தது, அது வேறு கதை.

என் டேக்கை நானே சிவப்பாகத் திருப்பினேன். ஏணிப்படியில் இறங்கினேன். கீழே படகு எழும்புகிறது, தாழ்கிறது, எழும்புகிறது... படகுக்காரர் கையை நீட்டினார். விரலைப் பிடிக்கக்கூடாது, அவர் மணிக்கட்டுக்கு மேலே நான் பிடிக்க, என் மணிக்கட்டுக்கு மேலே அவர் பிடிக்க வேண்டும். முழங்கையைத் தாங்க யாரும் இல்லை. 'வெயிட்' என்றார். காத்திருந்தேன். படகு மேலே வந்தது. 'நவ்.'

வைத்தேன் காலை. வலித்தது. ஆனால் நின்றது.

கரையில் இறங்கி, வரிசையாக, பேசாமல், மெதுவாக நடந்தோம். முதலில் வந்தது வாசனை. குந்தாரப்பள்ளி சந்தை நாளில், மழை விட்டதும் மாடு கட்டியிருக்கும் பக்கம் போனால் ஒரு வாசனை வருமே - அதை மீனோடு கலந்தால் எப்படி? காலண்டரில் இது வரவே இல்லை! அப்புறம் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பழுப்பு மலை மாதிரி உறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் தலையைத் தூக்கி, மீசையைச் சிலிர்த்து, சிவந்த கண்ணால் எங்களைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. பக்கத்தில் இருந்ததன் முதுகில் தந்தத்தைச் சாய்த்து மறுபடியும் தூங்கிவிட்டது.

அவ்வளவுதான். நான் அழுதேன். இந்த முறை வலியால் இல்லை. திரும்பிப் பார்த்தால், தூரத்தில் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ஆரஞ்சு கோட்டு, கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தது. பைனாகுலர் வால்ரஸ் பக்கம் இல்லை, என் பக்கம் இருந்தது. கை காட்டினேன். அவர் என்னோடு இல்லையே என்று மனசு கஷ்டப்பட்டது உண்மை. வந்ததற்காக வருத்தப்படவில்லை என்பதும் உண்மை.

கப்பலில் ஏறினேன். போர்டு பக்கத்திலேயே நின்றிருந்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. நான் என் டேக்கைப் பச்சையாகத் திருப்பும் வரை பார்த்திருந்துவிட்டு, 'எப்படி இருந்துச்சி?' என்று கேட்டார். 'நாத்தம் தாங்கல' என்றேன். சிரித்தோம்.

அன்புக்குக் குறைச்சல் இல்லாத வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. கஷ்டப்படக்கூடாது என்று ஒருவர் டேக்கை இன்னொருவர் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். டேக் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆள் எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஊருக்கு வந்ததும் யோசித்துப் பார்த்தேன். என் பேங்க் கணக்கின் ஓடிபி அவர் போனுக்கு வருகிறது. என் ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில் இருக்கிறது. எதையும் அவர் பிடுங்கவில்லை. எல்லாம் உதவிதான்.

போன வாரம் இருவருமாக பேங்குக்குப் போய், என் கணக்கில் என் போன் நம்பரைச் சேர்க்கச் சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, 'சார், மேடம் எந்த நம்பர் குடுக்கறாங்க?' என்று கேட்டார்.

'அவங்களையே கேளுங்க சார்' என்றார் என் வீட்டுக்காரர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. 'அவங்க டேக்கை நான் தொடறதில்ல.'

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தடவை வால்ரஸ் பார்த்துவிட்டு வந்தால் புரியும்!