கண் பரிசோதனைக்குக் காய்ந்த வயிறு

லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்த புதிதில், திருப்பத்தூர் சேவைச் சங்கம் ஒன்று புதூர்நாடு மலைக்கிராமத்தில் நடத்திய இலவச மருத்துவ முகாமுக்குப் போனேன். ஊர் ஊராக ஒட்டிய அறிவிப்புக்குக் குறிப்புகளை எழுதித் தந்தது நான்தான். மூன்றாவது குறிப்பு: "வெறும் வயிற்றோடு வரவும்."

முகாம் ஒன்பது மணிக்கு. தலைமை விருந்தினரின் ஜீப் வந்து, மாலை போட்டு, பேசி முடிக்கப் பதினொன்றாகிவிட்டது. கண் பரிசோதனை வரிசையில் நின்ற ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அப்படியே சரிந்தாள். டாக்டர் ஓடிவந்து படுக்கவைத்தார்.

"நேத்து சாயங்காலத்துலருந்து தண்ணிகூடக் குடிக்கலீங்க, விடியறதுக்கு முன்னயே நடந்து வந்தோம்" என்றார் அவள் கணவர். பிறகு என்னிடம், "ஏம்மா, கண்ணு பாக்கறதுக்கு வயிறு இன்னாத்துக்கும்மா காயணும்?" என்று கேட்டார்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்கள் மட்டும் என்று நான் எழுதவில்லை. சுற்றிலும் பார்த்தேன். குழந்தைகள்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் கண் விழித்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்து, வயிற்றைத் தடவி "அசையுதுங்க" என்றபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் அது யாருக்கு என்று எழுதுகிறேன். முகாமில் முதலில் ரத்தம் எடுக்கிறோம். பக்கத்திலேயே ஓர் அண்டா கேழ்வரகுக் கூழ் இருக்கும். மாலையும் பேச்சும் கூழ் தீர்ந்த பிறகுதான்.